நல்லூரிலிருந்து லோங் ஐலண்ட் வரை: ஒரு வயலின், ஒரு தப்லா, ஒரு கெசட்

மர்ஹூம் மாமா 1989-இல் சவூதியிலிருந்து லீவில் வந்தபோது கொண்டு வந்த சாமான்களில் ஒரு ரேடியோ கெசட்டும் பத்துப் பன்னிரண்டு கெசட்டுகளும் இருந்தன. பெரும்பாலும் நாகூர் ஹனிபா. இரண்டு கிராஅத். ஒன்றில் மட்டும் நீல மையால் ஆங்கிலத்தில் ‘சக்தி 1975’ என்று எழுதியிருந்தது. அறையில் கூட இருந்த மலையாளி நண்பர் ஒருவர் பதிந்து கொடுத்தாராம். உம்மாவுக்கு அந்தப் பேரே பிடிக்கவில்லை. “இதென்ன, சாமிப் பாட்டா?” என்று கேட்டா. மாமா சிரித்துக்கொண்டே, “பாட்டே இல்ல ராத்தா, வெறும் வாத்தியம்” என்றார்.

எங்கள் வீடு டிக்கோயாக் கடைவீதியில் வாப்பாவின் கடைக்குப் பின்னால் இருந்தது. தென்மேற்குப் பருவ மழை பிடித்தால் மூன்று நாளைக்கு வெயிலைக் காண முடியாது. அந்த மழைக்குள் அந்தக் கெசட்டை எத்தனை தரம் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு வயலின், ஒரு கிட்டார், ஒரு தப்லா, மத்தளம் போல ஒன்று, பானையில் தட்டுவது போல இன்னொன்று. இடையிடையே சனங்கள் கைதட்டுவார்கள். யார் வாசிக்கிறார்கள், எங்கே வாசிக்கிறார்கள் என்று எதுவும் தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது தேவையாகவும் இருக்கவில்லை.

பேராதனையில் தமிழ் சிறப்புப் படிப்பு முடிக்கும் காலத்தில்தான் அந்தக் கெசட்டில் இருந்தது என்ன என்று தெரிய வந்தது. 1975 ஜூலை 5 அன்று, அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் லோங் ஐலண்டிலுள்ள சவுத்ஹாம்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடி ஒலிப்பதிவு அது. அடுத்த வருஷம், 1976-இல், கொலம்பியா நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. கிட்டார் வாசித்தவர் ஜோன் மெக்லாக்லின் என்ற ஆங்கிலேயர். தப்லா ஸாக்கிர் ஹுஸைன். கடம் டி. எச். விநாயக்ராம். மிருதங்கம் ஆர். ராகவன். வயலின் எல். சங்கர். அந்த எல். சங்கர் சிறு பிள்ளையாக வயலின் பிடிக்கப் பழகியது யாழ்ப்பாணத்தில். அதைப் படித்த அன்று எனக்கு உண்டான திகைப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை. அமெரிக்காவிலிருந்து சவூதி சுற்றி டிக்கோயாவுக்கு வந்து சேர்ந்த சத்தம், புறப்பட்ட இடத்தைப் பார்த்தால் ஒரே தீவுக்குள், ரயிலில் ஒரு நாள் பயணத்தூரம்.

2024 டிசம்பர் 15-இல் உஸ்தாத் ஸாக்கிர் ஹுஸைன் காலமான பிறகு அவரைப் பற்றித் தமிழில் நிறைய எழுதினார்கள். இந்த ஒலிப்பதிவைப் பற்றி, அதிலும் அந்த வயலினைப் பற்றி, நம் வாசகருக்கு விளங்கும்படி யாரும் எழுதியதாக என் கண்ணில் படவில்லை. எழுதுவதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் யாழ்ப்பாணம். சங்கரின் தந்தை வி. லக்ஷ்மிநாராயணா கேரளத்தைச் சேர்ந்த வயலின் வித்துவான். 1950களில் யாழ்ப்பாணத்தில் சங்கீதப் பேராசிரியராக இருந்தார். தாயார் சீதாலக்ஷ்மியும் இசை தெரிந்தவர். பிள்ளைகளில் மூவர் வயலினில் பேர் எடுத்தார்கள். மூத்தவர் எல். வைத்தியநாதன். ‘பேசும் படம்’, ‘ஏழாவது மனிதன்’ ஆகிய படங்களுக்கும் ‘மால்குடி டேய்ஸ்’ தொலைக்காட்சித் தொடருக்கும் இசை அமைத்தவர். அடுத்தவர் எல். சுப்பிரமணியம். சென்னையில் வைத்தியம் படித்துவிட்டு, அதை விட்டு வயலினோடேயே போனவர். இளையவர் சங்கர், 1950-இல் பிறந்தவர். ஐந்து வயதில் வயலின் தொட்டார். ஏழு வயதில் நல்லூர்க் கோயிலில் முதல் கச்சேரி. மறு வருஷம் 1958.

அந்த வருஷம் என்ன நடந்தது என்பதை இந்த நாட்டில் வளர்ந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. கலவரத்தின் பின் லக்ஷ்மிநாராயணா குடும்பத்தோடு இந்தியாவுக்குத் திரும்பினார். சங்கருக்கு அப்போது எட்டு வயது.

இந்த இடத்தில் என் மாமியாரின் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்காரரின் குடும்பம் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தது. மாமி நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மாமா கடை போட்ட கதைகளைச் சொல்வார். கதை எப்போதும் 1990 ஒக்டோபர் 30-இல் வந்து நிற்கும். இரண்டு மணித்தியால அவகாசம். எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று ஆண்டவன் படைத்த எல்லாச் சாமானுக்கும் ஒரு சட்டம். மாமி கையில் வந்தது ஒரு பையும் ஒரு பிள்ளையும். நான் சங்கரின் குடும்பக் கதையைச் சொன்னபோது மாமி கேட்ட ஒரே கேள்வி: “அந்த வயலின எடுத்துக்கொண்டு போக விட்டாங்களாமா?” அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கையில் இருந்த வித்தையை மட்டும் யாரும் சோதித்துப் பறிக்க முடியாது என்று சொல்ல நினைத்தேன். மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இனி வயலின். இது வெள்ளைக்காரன் கொண்டு வந்த வாத்தியம் என்று பலர் நினைக்கிறோம். பாதி சரி. வில்லால் இழைத்து வாசிக்கும் வாத்தியங்களைப் பற்றிய மிகப் பழைய எழுத்துக் குறிப்புகள் பத்தாம் நூற்றாண்டு அரபு நூல்களில் கிடைக்கின்றன. கி.பி. 950-இல் மறைந்த அல்-ஃபாராபி, ‘கிதாபுல் மூஸீக்கா அல்-கபீர்’ என்ற பெரிய நூலில் றபாப் என்ற வாத்தியத்தை ஆராய்கிறார். அந்த றபாப் முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குள் போய் ‘ரெபெக்’ ஆயிற்று. அதன் வாரிசுகளில் ஒன்றாகப் பதினாறாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இன்றைய வயலின் உருவானது. கிரமோனா என்ற ஊரின் அந்திரேயா அமாத்தி அதைச் செய்த முதல் பெரிய கைகளில் ஒருவர். பிறகு ஆங்கிலேயரின் கப்பலில் ஏறிச் சென்னைக் கோட்டைக்கு வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கினார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு திருவிதாங்கூர் அரசவையில் வாசித்து, சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் யானைத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசு பெற்றார்.

பாக்தாத் பக்கமிருந்து புறப்பட்ட வில் அப்படிச் சுற்றிச் சுற்றித் தஞ்சாவூருக்கு வந்தது. அது திரும்பிப் போன கதை ஒன்றும் உண்டு. 1979-இல் பாக்தாதில் நடந்த சர்வதேச இசைத் தெரிவுக்கு டெல்லி வானொலி லால்குடி ஜெயராமனின் வயலின் ஒலிப்பதிவை அனுப்பியது. பல நாடுகளிலிருந்து வந்த 77 பதிவுகளில் அதுவே முதலாவதாகத் தெரிவானது. அவருடைய வயலினை 1965-இல் எடின்பரோ விழாவில் கேட்ட யெஹுதி மெனுஹின் தன்னுடைய இத்தாலிய வயலின் ஒன்றையே பரிசாகக் கொடுத்தார். லால்குடியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். இங்கே இடமில்லை.

நம் வித்துவான்கள் அந்த வாத்தியத்தில் செய்த மாற்றங்கள் வெளிப் பார்வைக்குச் சின்னவை. மேல்நாட்டுக்காரர் நின்றுகொண்டு, வயலினைத் தோளுக்கும் நாடிக்கும் இடையில் இடுக்கிப் பிடிப்பார்கள். நம்மவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் ஒரு முனையை மார்போடு சேர்த்து, சுருட்டைத் தலை உள்ள மறுமுனையை வலது கால் கணுவில் ஊன்றிக்கொள்வார்கள். அப்படி ஊன்றியதும் இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லை. அந்தக் கை தந்தியின் நீளம் முழுக்கத் தாராளமாக வழுக்கி ஓடலாம். அந்த வழுக்கலில்தான் கமகம் பிறக்கிறது. ஒரு சுரத்தை அப்படியே நிறுத்தாமல், பக்கத்துச் சுரங்களைத் தொட்டு அசைத்து வருவது கமகம். நான்கு தந்திகளையும் மேல்நாட்டு முறையில் சுருதி கூட்டாமல் ஸ-ப-ஸ-ப என்று கூட்டுவார்கள். இவ்வளவுதான். இந்த இரண்டு மூன்று மாற்றங்களோடு அந்நிய வாத்தியம் தமிழ்த் தொண்டையைப் போலப் பேசத் தொடங்கிவிட்டது.

ஆனால் நெடுங்காலம் அதற்குக் கிடைத்த இடம் பக்கவாத்தியம். பாடகர் பாடுவார், வயலின்காரர் கண்ணிமைக்கும் நேரம் பிந்தி, நிழல் போலப் போவார். பாடகர் விடும் இடைவெளியில் தன் பங்கைச் சொல்வார். சொன்னது பாடகர் சொன்னதைவிட நன்றாக இருந்துவிட்டால் அதுவும் சங்கடம். இது லேசான வேலை இல்லை. அடுத்த வினாடி என்ன வரும் என்று தெரியாமலேயே அதற்குத் தயாராக இருக்க வேண்டும். துவாரம் வேங்கடசுவாமி நாயுடு 1938-இல் வேலூரில் வயலினைத் தனிக் கச்சேரியாகவே வாசித்தார். லக்ஷ்மிநாராயணாவுக்கும் அதே கனவு. வயலின் முன்னுக்கு வந்து உட்கார வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகளைத் தயார் செய்தார் எனலாம்.

சங்கர் 1969-இல் அமெரிக்கா போனார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு அவர் எடுத்த பொருள், தென்னிந்தியப் பாட்டுக்கு வயலின் பக்கவாத்தியம் வாசிக்கும் கலை. ஆண்டு 1974. பின்னால் உட்காரும் கலையை ஆராய்ந்து முடித்தவர், அடுத்த வருஷமே இந்த ஒலிப்பதிவில் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பின்னணி தெரிந்துகொண்டு கேட்டால் அந்த வயலினில் இரண்டு மனிதர்கள் கேட்கும். தன் முறை வந்ததும் பாய்கிறவர் ஒருவர். மற்றவர் வாசிக்கும்போது சட்டென்று நிழலாகிவிடுகிறவர் இன்னொருவர். கிட்டாருக்குப் பின்னால் அந்த வயலின் எவ்வளவு பணிவாகப் போகிறது என்பதை நான் முப்பது வயதுக்குப் பிறகுதான் கவனித்தேன்.

மெக்லாக்லின் அந்தக் காலத்தில் மின்சாரக் கிட்டாரில் காது கிழியும் சத்தத்தோடு வாசித்துப் புகழ் பெற்றிருந்தவர். அந்தப் புகழின் உச்சியில் அதை விட்டுவிட்டு, வெஸ்லியனில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். சங்கரைச் சந்தித்ததும் அங்கேதான். கிட்டாரில் ஒரு கஷ்டம் உண்டு. அதன் கழுத்தில் உலோகக் கட்டைகள் பதித்திருக்கும். விரல் எங்கே வைத்தாலும் ஒலி கட்டையில் போய் நின்றுவிடும். வழுக்கல் கிடைக்காது. வீணையிலும் மெட்டு இருக்கிறது. அங்கே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எடுப்பார்கள். மெக்லாக்லினும் தன் கிட்டாரின் மெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குழியாகச் செதுக்கி, தந்தியை இழுக்க வசதி செய்துகொண்டார். சுருதிக்காகக் குறுக்கே கூடுதல் தந்திகளும் கட்டினார். தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர் ழகரத்துக்காக நாக்கை வளைப்பதைப் போல, அவர் மரத்தையே வளைத்தார்.

அந்த இசைத்தட்டில் மொத்தம் மூன்றே உருப்படிகள். முதல் பக்கத்தில் பதினெட்டு நிமிஷம் ஓடும் ‘ஜோய்’. அதை அடுத்து ஐந்து நிமிஷத்துக்கும் குறைவான, தாலாட்டைப் போன்ற ‘லோட்டஸ் ஃபீற்’. இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, இருபத்தொன்பது நிமிஷம். அதன் பேரே ஒரு பந்தி நீளம், நான் எழுதப்போவதில்லை. மாமாவின் மலையாளி நண்பர் அறுபது நிமிஷக் கெசட்டைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று இப்போது விளங்குகிறது. ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். இரண்டாம் பக்கத்தின் கைதட்டல் முடியும்போது நாடாவும் கிட்டத்தட்ட முடிந்துவிடும். முதல் பக்கத்தில் ஏழு நிமிஷம் மீதி. அதில் தம்பி தன் குரலில் ஸூறத்துல் ஃபாத்திஹா ஓதிப் பதிந்து வைத்திருந்தான்.

‘ஜோய்’ என்ற முதல் உருப்படியைப் புதிதாகக் கேட்கிறவர்கள் வேகத்தைப் பார்த்து மலைத்துப் போவார்கள். வேகம் பெரிய விஷயமில்லை. வயலினும் கிட்டாரும் அவ்வளவு வேகத்தில் ஒரே வரியை ஒன்றாக வாசிக்கின்றன. ஒரு மயிரிழை பிசகினாலும் தெரிந்துவிடும். நேரடிக் கச்சேரி என்பதால் திரும்பப் பதிந்து ஒட்டுப்போடும் வசதியும் கிடையாது. அதைவிட ரசமான இடம் பின்னால் வருகிறது. ஒருவர் ஒரு சொற்றொடரை வாசிக்க, மற்றவர் பதில் சொல்கிறார். போகப் போகத் தொடர்கள் சிறுத்து, கடைசியில் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் பிடுங்குவது போல ஆகி, திடீரென்று எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறார்கள்.

கர்நாடகக் கச்சேரியில் இந்த முறைக்குக் ‘குறைப்பு’ என்று பேர். வட நாட்டில் ‘ஸவால்-ஜவாப்’, கேள்வி-பதில், என்பார்கள். கணக்கு எளிது. எட்டு எண்ணிக்கை கொண்ட தாளம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஆளுக்கு எட்டு. பிறகு ஆளுக்கு நாலு. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. குறையக் குறைய யோசிக்கும் நேரமும் குறைகிறது. ஒன்றுக்கு வந்ததும் இனிக் குறைக்க இடமில்லை, சேர்ந்துதான் ஆக வேண்டும். இதை வகுப்பில் மேசையில் தட்டிக் காட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் பாடசாலையில் தோட்டத்துப் பிள்ளைகளும் டவுன் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். சங்கீத ஆசிரியை ‘சுருதி மாதா, லயம் பிதா’ என்று கரும்பலகையில் எழுதியதும் தோட்டத்துப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்களாம். மலையகத்தில் லயம் என்றால் அவர்கள் குடியிருக்கும் வரிசைக் காம்பறாக்கள். ‘டீச்சர், எங்க லயத்துக்குக் கூரை ஒழுகுது’ என்று ஒருவன் சொன்னானாம். ஆனால் மற்ற லயம் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லாதது. பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடித்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள். காமன் கூத்துக்கு முன் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சிச் சுருதி ஏற்றுவதைப் பார்த்தவர்கள்.

நம் பிள்ளைகளுக்கும் அது புதிதில்லை. நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுப்ப றபான் அடித்துக்கொண்டு வரும் பாவாமாரை என் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டோம். தூரத்தில் வரும்போது மெதுவாக, வீட்டு வாசலில் உரக்க, பின் சந்தியைத் தாண்டித் தேய்ந்து போகும். தமிழ் படித்தவள் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அருணகிரிநாதரின் சந்தத்தைப் பிடித்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது காயல்பட்டினம் காசிம் புலவர் திருப்புகழ் பாடினார். சந்தம் என்பது என்ன? தந்த, தனன, தான என்ற வாய்பாடு. மிருதங்கக்காரரின் தகிட, தகதிமி, தகதகிட என்பதும் அதே இனம். ஒன்று மூன்று, ஒன்று நான்கு, ஒன்று ஐந்து. காசிம் புலவரின் சந்தத்தை ஓசை தவறாமல் வாசிக்கத் தெரிந்தவருக்கு இந்த ஒலிப்பதிவின் கணக்கில் பாதி தெரியும். நம் பல்கலைக்கழகங்களில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் படிப்பிக்கிறோம். பொருள் சொல்கிறோம், அரபுச் சொற்களின் பட்டியல் கேட்கிறோம். ஓசையை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுகிறவர்கள் குறைவு. நானும் எத்தனையோ வருஷம் அப்படித்தான் படிப்பித்தேன்.

ஸாக்கிர் ஹுஸைன் 1951 மார்ச் 9-இல் பம்பாயில் பிறந்தவர். வளர்ந்தது மாஹிமில், மக்தூம் அலீ மாஹிமியின் தர்கா இருக்கும் பகுதி. தந்தை உஸ்தாத் அல்லாரக்கா, தப்லாவின் பேரறிஞர். விடியுமுன் எழுப்பித் தந்தை பாடம் சொல்லிக்கொடுப்பார். பிறகு மத்ரஸாவில் ஓதல். அங்கிருந்து கிறிஸ்தவப் பள்ளிக்கூடம். தன் சிறுபிராயத்து நாள் இப்படித்தான் போனது என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒன்றுக்கொன்று முரண் என்று தனக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். லோங் ஐலண்டில் வாசித்தபோது அவருக்கு இருபத்து நான்கு வயது. சங்கருக்கு இருபத்தைந்து.

வட நாட்டுத் தப்லாவும் தென்னாட்டு மிருதங்கமும் கடமும் ஒரே மேடையில் இருப்பது இன்று சாதாரணம். அன்று அப்படியில்லை. தாளத்துக்குப் பேர் வேறு, எண்ணும் முறை வேறு, முடிக்கும் முறை வேறு. அவர்கள் தீஹாய் என்பார்கள். இவர்கள் மோரா, கோர்வை என்பார்கள். மூன்றாவது உருப்படியில் தாள வாத்தியங்களின் இடத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், யார் யாருக்கு வழி விடுகிறார்கள் என்று தெரியும். கடம் சும்மா களிமண் பானை. மானாமதுரைக் குயவர் கைவேலை அதற்குப் பேர்பெற்றது. அதில் சுருதியை நினைத்தபடி ஏற்றி இறக்க முடியாது. பானை எந்தச் சுருதியில் வெந்ததோ அதுதான். ஆகவே மற்றவர்கள் அதை அனுசரிக்க வேண்டும், அல்லது விநாயக்ராம் வேறு பானை எடுத்து வர வேண்டும்.

அந்தக் குழு இன்னும் இரண்டு ஸ்டூடியோ இசைத்தட்டுகள் வெளியிட்டு, 1978-இல் கலைந்தது. சங்கர் பிறகு பத்துத் தந்தி கொண்ட இரட்டை வயலின் ஒன்றை அமைத்துக்கொண்டார். 1990களின் பிற்பகுதியில் மெக்லாக்லினும் ஸாக்கிரும் குழுவை மறுபடி கூட்டினார்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் வந்தார். அரை நூற்றாண்டுக்குப் பின், 2024 பெப்ரவரியில், ‘திஸ் மொமென்ட்’ என்ற தட்டுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. அந்த மேடையில் வயலின் வேறொருவர் கையில் இருந்தது. பிந்திய தட்டுகள் துப்புரவானவை, ஒலி தெளிவானது. எனக்கு 1975-தான். அதில் பிழைத்துவிடுவோமா என்ற பயம் கேட்கிறது.

இனி அந்த மற்றக் காரணம். ஆறாம் தரத்துக்கு வரும் பிள்ளைகள் அழகியல் பாடம் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். முஸ்லிம் பிள்ளைகள் பெரும்பாலும் சித்திரம். இவ்வருஷம் என் வகுப்பில் ஒரு பிள்ளை, டவுனில் இரும்புக்கடை வைத்திருப்பவரின் மகள், படிவத்தில் ‘சங்கீதம்’ என்று எழுதி, கையெழுத்து வாங்காமல் கொண்டு வந்து தந்தாள். வயலின் படிக்க ஆசையாம். மறுநாள் வாப்பா வந்தார்.

“டீச்சர், எங்கட புள்ளக்கு இது என்னத்துக்கு? சித்திரம் எடுத்தாப் போதாதா? பள்ளியில நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்ற?”

கோபமாகக் கேட்கவில்லை. பயந்துதான் கேட்டார். இசை கூடுமா கூடாதா என்பது நேற்று இன்று தொடங்கிய வாதம் இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ‘ஸமாஉ’க்கென்றே ஒரு தனி நூற்பகுதி எழுதியிருக்கிறார்கள், மறுத்த பெரியோரும் இருக்கிறார்கள். நான் ஃபத்வா சொல்லும் தகுதி உள்ளவள் அல்ல. அதை அவரிடம் சொன்னேன். ஆலிம்கள் இருக்கிறார்கள், கேளுங்கள் என்றேன். ஆனால் ‘இது நம்முடையது இல்லை’ என்ற பேச்சுக்கு மட்டும் தமிழாசிரியை என்ற முறையில் பதில் சொல்லலாம் என்று நினைத்தேன். றபாபின் கதையைச் சொன்னேன். காசிம் புலவரைச் சொன்னேன். அவர் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனில் அந்த முதல் உருப்படியைப் போட்டேன்.

ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. மூன்று நான்கு நிமிஷம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறைப்பு வரும் இடத்தில் அவருடைய பெருவிரல் திறப்புக் கொத்தில் மெல்லத் தட்டியது. அவருக்கே தெரிந்திருக்காது.

“தப்லா அடிக்கிறது யாரு டீச்சர்?”

சொன்னேன்.

“மௌத்தாப் போனார் என்று நியூஸ்ல சொன்னாங்களே, அவரா?” சற்று நேரம் பேசாமல் இருந்தார். “நோன்புக்கு எங்கட வீட்டடியால ஒரு பாவா வருவார். நான் அவருக்குப் பின்னால சந்தி மட்டும் போவன். வாப்பா அடிப்பார்.”

படிவத்தை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை கையெழுத்தோடு வந்தது. ‘சங்கீதம்’ என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘வாத்தியம் மட்டும்’ என்று தமிழில் எழுதியிருந்தார். பாடத்திட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. அதிபரிடம் அதை எப்படி விளக்குவது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதைவிட உடனடியான பிரச்சினை ஒன்று இருக்கிறது. பாடசாலை அலுமாரியில் ஒரே ஒரு வயலின்தான், அதில் இரண்டு தந்திகள்தான் மீதம். வில்லின் குதிரை மயிர் பாதி உதிர்ந்திருக்கிறது. போன கிழமை சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போன அந்த வாப்பா ஒரு கட்டுத் தந்தி வாங்கி வந்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். எந்தத் தந்தி எந்தப் பக்கம் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சங்கீத டீச்சர் புதன்கிழமைதான் வருவா.